பூசணிக்காய் காத்த கோல்

என் இடத்தில் ஒரு பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது.

மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் வலது கோடி என்னுடையது. தெப்பி சுங்கை யுனைடெட் காற்பந்துக் கிளப்பில் இரண்டாவது கோல்கீப்பராக இருந்த காலமெல்லாம் நான் தேய்த்துப் பளபளப்பாக்கிய இடம். அன்று மாலை பையைத் தூக்கிக்கொண்டு கிள்ளான் திடலுக்குள் நுழைந்தால், சாம்பல் பூத்த பெரிய பூசணிக்காய் ஒன்று குங்குமப் பொட்டோடு எனக்கு முன்பே வந்து அமர்ந்திருக்கிறது. அதற்குக் காவலாகப் பட்டுப்புடவையில் டத்தின் பரமேஸ்வரி. எங்கள் கிளப் முதலாளியின் மனைவி; டத்தோ பட்டம் பெற்றவரின் மனைவியை மலேசியாவில் டத்தின் என்பார்கள்.

“கொஞ்சம் தள்ளி உக்காருப்பா. இன்னிக்கு இது எறங்கப் போவுது” என்றார்.

என்னைப் பற்றி அந்தக் கிளப்பில் எவரும் அப்படிச் சொன்னதில்லை.

இந்தத் தொடரில் பெஞ்சைப் பற்றியே எழுதி ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன் என்று செராஸிலிருந்து ஒரு வாசகி குறைபட்டிருக்கிறார். எப்போதுதான் ஐயா ஆடுவீர்கள் என்று நேராகவே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. இந்த வாரம் ஆடுகிறேன். ஆனால் வழியில் கொஞ்சம் சுற்றுவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆற்றோரத்துக் கிளப்

தெப்பி சுங்கை என்றால் மலாயில் ஆற்றோரம். கிள்ளானில் ஆற்றையொட்டிய சந்தில், ஒரு பாத்திரக் கடைக்குப் பக்கத்தில் கிளப்பின் முதல் ஆபீஸ் இருந்தது. அதனால்தான் அந்தப் பெயர். வெள்ளம் வந்தால் ஆபீசுக்குள் தண்ணீர் வரும். ஒருமுறை கோப்பைகள் வைக்கும் கண்ணாடி அலமாரி பாதிவரை மூழ்கிவிட்டது. உள்ளே கோப்பை எதுவும் இல்லாததால் சேதம் இல்லை.

தொடங்கியவர் டத்தோ சுந்தரம். ரப்பர் கையுறைத் தொழிற்சாலை வைத்திருந்தார். தொழிற்சாலை ஊழியர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடிக்கொண்டிருந்த குழுவுக்கு முதலில் ஜெர்சி வாங்கிக் கொடுத்தார். பிறகு பஸ் வாங்கிக் கொடுத்தார். பிறகு யார் பேச்சைக் கேட்டாரோ, தொழில்முறை லீக்கில் சேர்த்துவிட்டார். கையுறைக் கம்பெனியின் கிளப் என்பதால் கோல்கீப்பர்களுக்கு ஒரு குறையும் இருக்காது என்று நம்பித்தான் நான் சேர்ந்தேன். அவர் செய்தது ஆஸ்பத்திரிக் கையுறை.

எங்களுக்கு ஒரு சின்னமும் உண்டு. ஆற்றோரம் என்றால் உடும்பு இருக்கும் அல்லவா, அதனால் உடும்பு. பச்சை உடும்பு வேடம் தைத்து ஒருவரை உள்ளே இறக்கி ரசிகர்கள் முன்னால் ஆடவிட்டார்கள். மாலை வெயிலில் உடும்பு மயங்கி விழுந்தது. அதற்குப் பிறகு உடும்பு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கையை மட்டும் ஆட்டும். எங்கள் ஆட்டத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சோர்ந்துபோனது என்று எதிரணி ரசிகர்கள் கேலி செய்வார்கள்.

அழுக்காகாத ஜெர்சி

எங்கள் வீடு பிரிக்ஃபீல்ட்ஸில், அடுக்குமாடியில். அம்மா கீழே ஒரு தையல் கடையில் ரவிக்கை தைப்பவர். கிளப்பில் எனக்குக் கொடுத்த ஜெர்சி லோகனின் அளவு. லோகன்தான் முதல் கோல்கீப்பர், ஆள் கதவு உயரம். அம்மா அதைப் பிடித்துத் தைத்து, தோளைக் குறைத்து, எனக்குப் பொருந்தச் செய்தார். மலேசிய லீக்கில் ரவிக்கை அளவெடுத்து ஜெர்சி போட்ட ஒரே கோல்கீப்பர் நானாகத்தான் இருப்பேன்.

உள்ளூர் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் அம்மா கொம்யூட்டர் ரயிலேறிக் கிள்ளானுக்கு வருவார். படிக்கட்டு சுடும் என்று ஒரு சின்ன மெத்தை, ஒரு குடை, சூடான காப்பி. எங்கள் பெஞ்சுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார். லோகனுக்குக் காய்ச்சல்கூட வராது. எருமைக் கடா மாதிரி உடம்பு அவனுக்கு.

“உன் ஜெர்சி தொவைக்கிறது சுலபம்டா குணா. அழுக்கே இல்ல” என்று அம்மா ஒருநாள் வாளியைப் பார்த்துச் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை. ஆறுதல் என்று நினைத்துச் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. ஒரு ஆட்டம். அம்மா அந்த மெத்தையில் உட்கார்ந்திருக்க, நான் கோலில் நிற்க வேண்டும். நாட்டுக்காக ஆடும் கனவெல்லாம் எப்போதோ போய்விட்டது.

அந்த ஆசைக்கும் கெடு வந்துவிட்டது. அந்த சீசன் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டு, பட்டியலில் கடைசிக்குச் சற்று மேலே தொங்கிக்கொண்டிருந்தோம். கடைசி ஆட்டத்தில் சமநிலை கண்டாலும் லீக்கில் நிலைக்கலாம். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். இறங்கினால் கிளப்பை மூடிவிடுவேன் என்று டத்தோ எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். வேறு எந்தக் கிளப்பும் என்னை எடுக்கப் போவதில்லை. ஆட்டத்தையே பார்க்காமல் ஒருவனை எப்படி எடுப்பார்கள்?

அந்தக் கடைசி ஆட்டத்தில்தான் பூசணிக்காய் வந்தது.

டத்தின் கண்ட பாதி

டத்தின் பரமேஸ்வரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிளப் டத்தோவின் பெயரில் இருந்தாலும் அதற்காக உருகியது டத்தின்தான். பஸ் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைப்பது அவர். ஆட்டக்காரர்களின் பிறந்தநாளை நினைவில் வைத்திருப்பவர் அவர். பிரேசிலிலிருந்து வந்த எங்கள் முன்னணி ஆட்டக்காரர் பாவ்லோவுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது ரசம் கொண்டுவந்து ஊட்டாத குறையாகக் குடிக்க வைத்தவரும் அவர்தான். பாவ்லோ அதற்குப் பிறகு ரசம் இல்லாமல் பயிற்சிக்கு வரமாட்டேன் என்றுவிட்டார்.

விஐபி அறையில் விருந்தினருக்கு வடை பரிமாறுவதும் அவர் பொறுப்பே. முதல் பாதி முழுக்கக் கரண்டியும் கையுமாக உள்ளே நிற்பார். இடைவேளை முடிந்து, சட்னிப் பாத்திரம் காலியான பிறகுதான் வெளியே வந்து ஆட்டம் பார்ப்பார். எங்கள் கேப்டனோ காசு சுண்டுவதில் கெட்டிக்காரர். ஜெயித்தால் முதல் பாதிக்கு எப்போதும் மாமரப் பக்கத்துக் கோலைத்தான் கேட்பார். வெயில் எதிரணியின் கண்ணில் அடிக்கும். ஆகவே இரண்டாம் பாதியில் நாங்கள் பஸ் ஸ்டாப் பக்கம் வந்துவிடுவோம்.

டத்தின் பார்த்ததெல்லாம் இரண்டாம் பாதி. அவர் வெளியே வரும்போதெல்லாம் லோகன் பஸ் ஸ்டாப் பக்கத்துக் கோலில் நின்றுகொண்டிருப்பான். அதுதான் நம்முடைய கோல், மாமரப் பக்கம் அவர்களுடையது என்று டத்தின் எண்ணிக்கொண்டிருந்தார். வீடு மாதிரி, கோலுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு என்பது அவர் கணக்கு. இத்தனை காலத்தில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

சுற்றிப் போட்டது

ஆட்டக்காரர்கள் உடலைச் சூடேற்றப் போகும் முன் டத்தின் பூசணிக்காயோடு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். பின்னால் கற்பூரத் தட்டோடு டிரைவர். எங்கள் கோச் ரஹீம் கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் புரியும். டத்தினிடம் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். புல்லில் உடைக்க வேண்டாம், கோட்டுக்கு வெளியே உடையுங்கள். சொல்லிவிட்டுத் திரும்பி நின்று மேகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

டத்தின் கம்பங்களுக்குக் குங்குமம் வைத்தார். கோலை நோக்கிப் பூசணிக்காயைத் தூக்கிச் சுற்றினார். கண்ணேறு, பொறாமை, போன சீசனில் எங்களைத் திட்டி எழுதிய நிருபர்கள், எல்லோரையும் முணுமுணுவென்று ஒருபாட்டம் சுற்றிவிட்டு, கோட்டுக்கு வெளியே ஓங்கிப் போட்டார்.

அது உடையவில்லை. நல்ல முற்றிய காய் போலிருக்கிறது. தரையில் மோதி, குதித்து, நிதானமாக உருண்டு எங்கள் வலைக்குள் போய் நின்றது. அன்றைக்கு விழுந்த முதல் கோல் அதுதான்.

டத்தின் விடவில்லை. உள்ளே போய் அதை எடுத்து, அங்கேயே, கோல் கோட்டின் மேலேயே மறுபடி போட்டார். இந்தத் தடவை நூறு துண்டாகச் சிதறியது.

அடுத்து நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். லோகன் கைகளை வீசிக்கொண்டு கோலுக்குள் ஓடி வந்தான். காய்ச்சல்கூட வராத அந்த உடம்பு பூசணிச் சதையில் கால் வைத்தது. அவன் விழுந்த சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது. கணுக்கால் வீங்கிவிட்டது.

கோச் ரஹீம் மேகத்தை விட்டுவிட்டு மெல்ல பெஞ்சு பக்கம் திரும்பினார். பெஞ்சில் கோல்கீப்பர் என்று சொல்ல நான் ஒருவன்தான் மிச்சம். பூசணிக்காய் ஏற்கெனவே இறங்கிவிட்டது.

திடல் பராமரிப்பாளர் வாய்க்குள் திட்டிக்கொண்டே குழாயை இழுத்துவந்து கோல் வாயைக் கழுவிவிட்டார். கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் போனார். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டத்தின் என்னைக் கூப்பிட்டு நெற்றி நிறையத் திருநீறு பூசினார். எதிரே படியில் அம்மா மெத்தையைப் போட்டுவிட்டு உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

பாதி அவர்களுக்கு

அன்று டத்தின் வடை பக்கமே போகவில்லை. முதல் தடவையாக ஆட்டத் தொடக்கத்தைப் பார்க்க வேலியோரம் வந்து நின்றார். எங்கள் கேப்டன் வழக்கம்போலக் காசில் ஜெயித்தார். வழக்கம்போல மாமரப் பக்கத்தைக் கேட்டார். அந்தக் காரியத்தை அவர் யோசித்துச் செய்து பல காலம் ஆகியிருந்தது. நாங்கள் மாமரப் பக்கம் நடந்தோம்.

“எங்க போறீங்க? நம்ம கோல் இங்கதான இருக்கு” என்று டத்தின் வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

கோச் ரஹீம் பக்கத்தில் போய், பாதி நேரத்துக்குப் பிறகு பக்கம் மாறும், எல்லா ஆட்டத்திலும் அப்படித்தான் என்று பணிவாக விளக்கினார். டத்தின் திரும்பித் தான் குங்குமம் வைத்த கம்பங்களைப் பார்த்தார்.

“அப்ப பாதிப் பூசணிக்கா அவங்களுக்கா?” என்றார்.

கோச் மறுபடி மேகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

எதிரணி கோல்கீப்பர் ஈப்போ பக்கத்துத் தமிழர். பஸ் ஸ்டாப் பக்கத்துக் கோலுக்குள் போனவர், கம்பத்தில் குங்குமத்தைப் பார்த்தார். கீழே ஒட்டியிருந்த பூசணி விதையைப் பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது. கம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டத்தின் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

முதல் பாதியில் பாவ்லோ அடித்தது வலது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இன்னொன்று இடது கம்பத்தில் பட்டது. பிறகு ஒன்று மேல் கம்பத்தில் பட்டது. கடைசியாக அந்த ஈப்போக்காரர் விழுந்து கிடக்கும்போது அவர் பின்பக்கத்திலேயே பட்டு வெளியே போனது. ஒவ்வொன்றுக்கும் டத்தின் முகம் கறுத்துக்கொண்டே போனது. காசு கொடுத்துக் காய் வாங்கியது அவர், காவல் கிடைத்தது அவர்களுக்கு.

எங்கள் பக்கம்? பந்து என்னிடம் வந்தது இரண்டொரு தடவைதான். ஒன்றைப் பிடித்தேன். ஒன்று என் முழங்காலில் பட்டது. மற்ற நேரமெல்லாம் ஆட்டம் அந்தக் கோடியில் நடந்தது. கோல்கீப்பரின் வேலையில் இப்படி ஒரு வசதி உண்டு. பந்து தூரத்தில் இருக்கும்போது அவனை ஒருவரும் பார்ப்பதில்லை. நான் குதித்தேன், உள்ளங்கையைத் தட்டிக்கொண்டேன், தனியாகப் பேசிக்கொண்டேன். டத்தின் பூசிய திருநீறு வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கி அரித்துக்கொண்டே இருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று தாராளமாகச் சொறிந்துகொண்டேன்.

கோட்டில் நின்ற பந்து

இடைவேளை முடிந்து பக்கம் மாறும்போது ஈப்போக்காரர் நடுத்திடலில் என்னைக் கடந்து போனார். “பிரதர், நல்ல காய். பவரா இருக்கு. பாத்துக்குங்க” என்றார். வாடகைக்கு இருந்த வீட்டைச் சாவியோடு ஒப்படைப்பவர் போலத்தான் சொன்னார்.

இனி கோல் எங்களுடையது. டத்தினின் முகம் தெளிந்துவிட்டது. எனக்கும் ஏதோ தைரியம் வந்தது. பொய் சொல்வானேன், நானும் அந்தக் குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

இரண்டாம் பாதியில் அவர்கள் மேலே விழுந்து அடித்தார்கள். ஒரு பந்து என் முகத்தில் பட்டுத் திரும்பியது. ஒன்றை விரல் நுனியில் தட்டினேன். எப்படித் தட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது. நேரம் நெருங்க நெருங்க, சமநிலை போதும், சமநிலை போதும் என்று எங்கள் ரசிகர்கள் கடிகாரத்தைக் காட்டிக் கத்த ஆரம்பித்தார்கள். நிழலில் இருந்த உடும்புகூட எழுந்து நின்றுவிட்டது.

முடியப் போகும் தறுவாயில் அவர்களுக்கு ஒரு கார்னர். பந்து உயரமாக வந்தது. நான் குத்தித் தள்ளுவதற்காக ஓடி வந்து எகிறினேன். குத்தியது காற்றை. பந்து என்னைத் தாண்டி அவர்களில் ஒருவர் தலையில் பட்டு, ஆளில்லாத கோலை நோக்கிப் போனது. கம்பத்தின் உட்புறத்தில், சரியாகக் குங்குமம் இருந்த இடத்தில் பட்டு, கோட்டின் மேலேயே உருள ஆரம்பித்தது.

உருண்டு, நின்றது.

பராமரிப்பாளர் பூசணிக்காயைக் கழுவிய தண்ணீர் கோட்டின் மேல் ஒரு சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தது. பந்து அதில் சிக்கிக்கொண்டது. அவர்கள் ஆள் ஒருவர் காலை நீட்டுவதற்குள் நான் திரும்பித் தாவி, வயிற்றால் அதன் மேல் விழுந்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டு எழவே மாட்டேன் என்று கிடந்தேன். நடுவர் வந்து தோளைத் தட்ட வேண்டியதாயிற்று.

விசில் ஊதியபோது சைபருக்கு சைபர். நாங்கள் லீக்கில் நிலைத்துவிட்டோம். பாவ்லோ என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். காப்பாற்றியது குழாய்த் தண்ணீர் என்று கோச் ரஹீம் சொல்வார். பூசணிக்காய் இல்லாமல் குழாய் எங்கிருந்து வந்தது என்று டத்தின் கேட்பார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

எனக்கு அன்று அழுகை வந்தது. ஜெர்சியில் சேறு, புல், பூசணி விதை எல்லாம் இருந்தன. படிக்கட்டைப் பார்த்தேன். அம்மா கைகூப்பியபடி உட்கார்ந்திருந்தார்.

ஆபீசுக்குச் சுற்றவில்லை

அடுத்த சீசனில் எனக்கு நிறைய வாய்ப்புக் கொடுப்பதாகக் கோச் சொன்னார். அடுத்த சீசன் வரவில்லை. சில வாரங்களில் டத்தோ தொழிற்சாலையை விற்றுவிட்டார். வாங்கிய வெளிநாட்டுக்காரர்களுக்குக் காற்பந்து வேண்டாமாம். கிளப் லீக்கிலிருந்து விலகுகிறது, அனைவருக்கும் நன்றி என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி வந்தது. கீழே கைகூப்பும் படம். அவ்வளவுதான் தெப்பி சுங்கை யுனைடெட்.

பாவ்லோ ஊருக்குக் கிளம்பியபோது டத்தின் ரசப்பொடி கட்டிக் கொடுத்தார். வழியனுப்ப நாங்கள் சிலர் போயிருந்தோம். இவ்வளவு செய்தும் கிளப் போய்விட்டதே என்று நான்தான் ஆற்றாமையில் சொல்லிவிட்டேன்.

“நான் கோலுக்குத்தானப்பா சுத்துனேன், ஆபீசுக்குச் சுத்தலியே” என்றார் டத்தின். சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

எனக்கு இப்போது சுங்கை பூலோவில் ஒரு பண்டகசாலையில் வேலை. தொழில்முறை லீக்கில் ஒரே ஒரு ஆட்டம் ஆடி ஒரு கோல்கூட வாங்காதவன் நான். விகிதக் கணக்குப் பார்த்தால் என்னை மிஞ்ச ஆளில்லை என்று அங்கே தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டுக் கேட்டு அவர்களுக்குப் புளித்துவிட்டது.

இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தபோது ஒரு சந்தேகம். அந்தக் கடைசிப் பந்து இடது கம்பத்தில் பட்டதா, வலது கம்பத்திலா? அம்மா தையல் மெஷினில் இருந்தார். நேர் எதிரே உட்கார்ந்திருந்தவர் அல்லவா, அவரைக் கேட்டேன்.

“நான் எங்கடா பாத்தேன்?” என்றார் அம்மா. “பந்து உன்கிட்ட வர்றப்பல்லாம் கண்ண மூடிக்குவேன். பயமா இருந்துச்சு.”

முகத்தில் பட்டது? பார்க்கவில்லை. விரல் நுனியில் தட்டியது? பார்க்கவில்லை. குட்டையில் நின்ற பந்து? சத்தம்தான் கேட்டாராம். எதற்காக அத்தனை காலம் காத்திருந்தேனோ அது நடக்கவே இல்லை என்றாகிவிட்டது.

“அப்ப என்னதாம்மா பாத்தீங்க?”

“பந்து அந்தப் பக்கம் போனதும் கண்ணத் தொறப்பேன். உன்னத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். குதிச்ச, கையத் தட்டுன, என்னமோ பேசிக்கிட்ட. முழு ஆட்டமும் பாத்தேன்.” நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அம்மா என்னைப் பார்த்தார். “நல்லா நின்னடா குணா. மூக்கத்தான் ரொம்பச் சொறிஞ்ச.”